அண்ணன் வண்டியின் கதவு

முட்டி போட்டு, ஒரு கையைச் சேற்றில் ஊன்றி, கன்னம் தரையில் படும் அளவுக்குத் தலையைச் சாய்த்து அவர் வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உள்ள யாரும் குடியிருக்கல. எந்திரிச்சு வாங்க," என்றான் மைத்துனன்.

அவர் எழவில்லை. எந்த வண்டியையும் கிளப்புவதற்கு முன்னால் அடியில் பார்த்துவிடுவது அவர் வழக்கம். நாய் படுத்திருக்கலாம். பந்தை எடுக்கப் போன குழந்தை இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இல்லை என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்குச் சாவியைத் திருப்பக் கை வரும்.

பழைய வண்டிகள் விற்கும் இடம் அது. தகரக் கூரைக்குக் கீழே சின்ன கார்கள், வெளியே மழையில் பெரிய வண்டிகள். ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டைத்தான் பார்க்க வந்திருந்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே சாம்பல் நிறம், ஒரே உடம்பு. முகவெட்டில்தான் கொஞ்சம் வித்தியாசம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள்.

"ரெண்டும் ஒரே வயித்துல பொறந்தது மாமா. இது அண்ணன், அது தம்பி," என்றான் மைத்துனன். அவனுக்குத் தொழில் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பது. ஒரு வாரமாக அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து போட்டுவிட்டு, இந்த இரண்டு வண்டிகளையும் ஒப்பிடும் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணனுக்கு கியருக்குப் பக்கத்துல இன்னொரு குட்டிக் கம்பி இருக்கு பாருங்க. முன்சக்கரமும் இழுக்கணும்னா வண்டிய நிறுத்தி, அதைக் கிழங்கு பிடுங்குற மாதிரி பிடுங்கி மாத்தணும். தம்பிக்கு அந்த வம்பே இல்ல. ஒரு திருகு. பச்சை விளக்கு எரியும். முடிஞ்சுது. தம்பி சீட்டு மடங்கும். அண்ணன் சீட்டு எங்க அக்கா மாதிரி, என்ன பண்ணாலும் மடங்காது."

"டேய்," என்றாள் அவன் அக்கா குடைக்குள்ளிருந்து.

அவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "அண்ணனுக்கு அடியில முன்பக்கமா ஒரு ராடு போகுது. தம்பிக்கு அது இல்லையே."

"தம்பிக்கு எல்லாம் ஸ்விட்ச்சு மாமா. ராடு கீடு எல்லாம் அந்தக் காலம்."

அவர் அந்தக் கடையின் வண்டிக்காரரைப் பார்த்தார். வண்டிக்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது மாதிரியில் அப்படித்தான் இருக்கும் போல என்று அவர் விட்டுவிட்டார்.

பிறகு தம்பி வண்டியின் டிரைவர் கதவைத் திறந்தார். மூடினார். உள்ளே ஏறி உட்கார்ந்து திறந்தார், மூடினார். வெண்ணெயில் கத்தி போவதுபோல் திறந்தது.

"என்ஜினைப் பாருங்கன்னா கதவைப் பாக்குறார்," என்றான் மைத்துனன் வண்டிக்காரரிடம். "ஏறும்போதே இறங்க வழி தேடுற ஆளு. கேள்விப்பட்டிருப்பீங்களே, செம்மண் சரிவுல குதிச்சது? அது இவர்தான்."

வண்டிக்காரர் போனிலிருந்து முகத்தை எடுத்து அவரைப் பார்த்தார். கேள்விப்பட்டிருந்தார்.

அவரை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிரேக்கு என்றுதான் சொல்வார்கள். கீழூரிலிருந்து மேலே குன்றுக் குடியிருப்புக்கு ஆள் ஏற்றிப் போகும் வாடகை வண்டி அவருடையது. வளைவுக்கு முன்னால் பிரேக், வளைவில் பிரேக், வளைவு முடிந்த நிம்மதியில் ஒரு பிரேக். எதிரே பசு வந்தால் வண்டியை ஓரங்கட்டி அது போகும்வரை காத்திருப்பார். சின்ன வயதில் கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டார். ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறினது கிடையாது. கல்யாணத்தன்று போட்டோ எடுக்கிறவர் பாறைமேல் நிற்கச் சொன்னபோது, பெண் மட்டும் பாறைமேல் நிற்க இவர் கீழே நின்றார். அந்தப் போட்டோவில் அவள் அவரைவிட ஒரு முழம் உயரம்.

இப்பேர்ப்பட்ட ஆள் எப்படி மலைப்பாதையில் டிரைவர் ஆனார் என்று கேட்டால், பயந்ததால்தான் ஆனார் என்று சொல்ல வேண்டும். அடுத்தவன் ஓட்டும் வண்டியில் உட்கார அவருக்கு உயிர் போய்விடும். தானே ஓட்டினால் கொஞ்சம் தேவலை. ஜனங்களும் அதற்காகவே அவரைத் தேடி வந்தார்கள். அவசரக்காரர்கள் ராக்கெட் என்று பேர் வாங்கிய இன்னொரு டிரைவரிடம் போனார்கள். கைக்குழந்தைக்காரிகள், கண் ஆபரேஷன் ஆனவர்கள், முட்டைத் தட்டு கொண்டுபோகிறவர்கள் எல்லாரும் பிரேக்கு வண்டிதான். பாதி வழியிலேயே தூங்கிவிடுவார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் எழுப்புவார். செம்மண் சரிவு. பழைய பாதையை மழை அடித்துக்கொண்டு போனபிறகு வெட்டிய தற்காலிகப் பாதை. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் ஓடை வரை ஒன்றுமில்லை. அங்கே எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டு, வெறும் வண்டியை மட்டும் ஏற்றுவார், இறக்குவார். அது அவர் வகுத்த சட்டம். முணுமுணுத்துக்கொண்டே நடப்பார்கள்.

போன மழையில், அப்படி வெறும் வண்டியை ஏற்றும்போதுதான் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி நின்றது. பிறகு பின்னால் நகர்ந்தது. அவர் பாதையோரத்தில் குப்புறக் கிடந்தார். வண்டி ஓடைக்குள் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

உயிர் தப்பியதே பெரிசு என்றார்கள். நல்லவேளை குதிச்சே என்று தோளைத் தட்டினார்கள். ராக்கெட்கூட வந்து, "அந்த நேரத்துல அந்த புத்தி யாருக்கு வரும்?" என்றான். அதுதான் அவரை அரித்தது. புத்தி வரவில்லை. அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. வண்டியில் ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூட அந்த நேரத்தில் அவர் நினைக்கவில்லை. கால் தானாகப் போய்விட்டது. ஆள் இருந்திருந்தாலும் போயிருக்குமா என்று அதைத்தான் கேட்க வேண்டும்; கால் பதில் சொல்லாது. சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, குனிந்து தன் கால்களைப் பார்ப்பார். இத்தனை வருஷம் கிணறு, ஏணி, நாய் என்று வெளியே இருந்தவற்றுக்குப் பயந்தார். இப்போது பயம் செருப்புப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தது.

இப்போது மகள் மேலே இருக்கிறாள். குன்று உச்சியிலிருக்கும் டவரில் மருமகனுக்கு வேலை. அடிவாரத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. மகளுக்கு மாதம் நிறைந்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இந்த வாரமே கீழே வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராக்கெட்டை அனுப்புகிறேன் என்றதற்கு அவள், "அவன் வண்டியில ஏறுனா வழியிலேயே பொறந்துடும்பா. நீங்க வந்தா வர்றேன், இல்லன்னா இங்கயே கிடக்கேன்," என்று சொல்லிவிட்டாள். அவளை எல்லாரையும் போல இறக்கிச் சரிவில் நடக்கவிட முடியாது. அவளை உட்கார வைத்துத்தான் அந்தச் சரிவை இறங்க வேண்டும்.

"மேட்டுல ஏத்திப் பாத்துடலாமா சார்?" என்றார் வண்டிக்காரர்.

பின்பக்கம், எங்கேயோ கட்டடத்துக்குத் தோண்டிய மண்ணைக் கொட்டி வைத்த மேடு இருந்தது. இரண்டு ஆள் உயரம். வண்டி ஏறுவதற்குச் சாய்வாக வழி. மழையில் அல்வா மாதிரி இளகிக் கிடந்தது.

"நீங்க ஏத்திக் காட்டுங்களேன்," என்றார் அவர்.

"நான் ஏத்துனா வித்தை காட்டுறான்னுவாங்க. வாங்குறவங்க கையாலதான் ஏத்தணும். அதான் நம்ம கடை வழக்கம்."

அவர் தம்பி வண்டியில் உட்கார்ந்தார். முன்பக்கத்து இன்னொரு கதவு திறந்தது. மனைவி குடையை மடக்கி உதறிவிட்டு ஏறினாள்.

"நீ எதுக்கு?"

"பொண்ணு உக்காரப்போற இடம் எப்படியிருக்குன்னு பாக்க வேணாமா? ஓட்டுங்க." அவளுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. பெரிய பெரிய மெஷின்களின் இரைச்சலில் பேசிப் பழகியதால் அவள் மெதுவாகச் சொன்னாலும் அதட்டுவது போலிருக்கும்.

அவர் திருகைத் திருகினார். பச்சை விளக்கு எரிந்தது. வண்டி ஏறத் தொடங்கியது. நன்றாகத்தான் ஏறியது. பாதி வந்ததும் பின்பக்கத்திலிருந்து சேறு வாரியடிக்கும் சத்தம் கேட்டது. வண்டி நின்றது. பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. பிறகு கண்ணாடிக்கு வெளியே இருந்த மண், மெதுவாக, மிக மெதுவாக, மேல்நோக்கிப் போனது.

முட்டியில் மழை விழுவது தெரிந்தது.

குனிந்து பார்த்தார். கதவு திறந்திருந்தது. ஒரு கால் வெளியே சேற்றைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பாதி உடம்பு வெளியில் தொங்கியது. ஒரு கை மட்டும் ஸ்டியரிங்கில் இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை, சும்மா கிடந்தது. வண்டி வழுக்கிக்கொண்டே சமதளத்துக்கு வந்து தானாக நின்றது. ஒன்றும் ஆகவில்லை. ஓடையில்லை, பள்ளமில்லை, ஆவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

அவர் திரும்பினார். அவள் பின்னாலும் பார்க்கவில்லை, முன்னாலும் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைப்பர் அங்கேயும் இங்கேயும் போய்வந்தது.

"செருப்பெல்லாம் சேறு," என்றாள் அவள். "தொடைச்சுட்டு வாங்க. அடுத்ததைப் பாக்கலாம்."

மைத்துனன் சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். "பரவால்ல மாமா, இந்தத் தடவை பாதிதான் குதிச்சீங்க. முன்னேற்றம்தான்."

"வாயை மூடுடா."

அக்காவிடம் அப்படியொரு குரலை அவன் கேட்டதில்லை. மூடினான்.

வண்டிக்காரர் குனிந்து தம்பிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "அட, முன் ஷாஃப்ட்டை, அந்த ராடைக் கழட்டியிருக்காங்க சார். டீசலுக்கு இன்னும் கொஞ்ச தூரம் ஓடும்னு சில பேர் கழட்டிப் போட்டுடுவாங்க. திருகு திரும்பும், விளக்கு எரியும், முன்சக்கரம் மட்டும் இழுக்காது. வேற ஷாஃப்ட் பாத்து மாட்டிக்கலாம்."

"ராடு கீடு அந்தக் காலம்," என்று முனகினாள் அவள். மைத்துனன் தன் செருப்பைப் பார்த்தான்.

அண்ணன் வண்டி டிரைவர் கதவு வெளியிலிருந்து சாதாரணமாகத் திறந்தது. அவர் ஏறி, மூடி, பழக்கத்தில் உள்பிடியை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். பிடி ஆடுகிற பல் மாதிரி கையோடு வந்து கையோடு போனது. அவருக்குக் கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது. தோளால் கதவை முட்டினார்.

வண்டிக்காரர் வெளியிலிருந்து திறந்துவிட்டார். "உள்ள கம்பி அறுந்திருக்கு சார். கண்ணாடியை இறக்கி, கையை வெளிய விட்டுத் திறந்துக்கலாம். சின்ன வேலைதான், உங்களுக்குப் பிடிச்சிருந்தா நம்ம ஆள் உடனே போட்டுக் குடுத்துடுவான்."

மறுபக்கம் மனைவி மறுபடி ஏறிக்கொண்டிருந்தாள்.

"நீ வேணாம். கீழயே நில்லு," என்றார் அவர்.

"நாளைக்கு அவளையும் கீழ நிக்கச் சொல்வீங்களா?"

அவர் கதவை மூடினார். குட்டிக் கம்பியை இரண்டு கையாலும் பிடுங்கி மாற்றினார். அடியில் கடகடவென்று ஏதோ பல்லோடு பல் சேர்ந்தது. வண்டி, கிழட்டு மாடு மாதிரி முக்கிக்கொண்டு ஏறியது. முன்சக்கரம் மண்ணைக் கவ்வுவது ஸ்டியரிங்கில் தெரிந்தது. தம்பி வழுக்கிய அதே இடம் வந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாகக் கோணியது. மேட்டின் விளிம்பு கண்ணாடிக்குள் வந்தது.

கை கதவுக்குப் போய்விட்டது. பிடியை இழுத்தது, இழுத்தது, எத்தனை தடவை என்று அவருக்குத் தெரியாது. கதவு சுவர் மாதிரி நின்றது. போக இடமில்லாத கால், பெடலிலேயே இருந்தது. அது அங்கே இருந்ததால் அதை அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தினார். வண்டி நேரானது. ஏறியது. மேட்டின் உச்சியில் ஒரு குட்டையும், அதற்கு அப்பால் தகரக் கூரைகளும் தெரிந்தன.

"கையை எடுங்க," என்றாள் அவள்.

பிடியைப் பிடித்திருந்த கையை அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்.

கீழே வந்ததும் மைத்துனன் கொஞ்சம் தைரியம் வந்து பேசினான். ஷாஃப்ட்டை மாட்டிவிட்டால் தம்பிதான் மேல், உட்கார சொகுசு, பின்சீட்டு மடங்கும், பிள்ளைத்தாச்சிக்குத் தோது. அவர் கேட்டுக்கொண்டே அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார்.

"இது," என்றார்.

வண்டிக்காரர் ஒரு ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "டேய், ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வா. இந்தக் கதவைப் பிரி."

"வேணாம்."

"சும்மாதான் சார். காசு கிடையாது."

"இல்ல, வேணாம். இப்படியே இருக்கட்டும்."

"கதவு திறக்காத வண்டியை யாராவது வாங்குவாங்களா மாமா?" என்றான் மைத்துனன். "தீப்பிடிச்சா? தண்ணிக்குள்ள போயிட்டா? கண்ணாடி இறங்கலேன்னா?"

இவன் சொல்வதற்கு முன்பே அவர் அத்தனைக்கும் பயந்து முடித்திருந்தார். தீயை, தண்ணீரை, இறங்காத கண்ணாடியை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருந்தார். அவர் மனைவியைப் பார்த்தார்.

"பிள்ளை பொறக்கட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாம்," என்றாள் அவள், தன் தம்பியிடம். "நீ போய் அந்த ஃப்ரிட்ஜையெல்லாம் மூடுற வழியைப் பாரு."

வீட்டுக்கு வண்டியை அவரே ஓட்டி வந்தார். சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"வண்டி எப்படிப்பா?"

"ஏறுது."

"இறங்குமா?"

"ஏறுனது இறங்காம எங்க போகும்?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று மூச்சு வாங்குவது கேட்டது. "நீங்கதான வருவீங்க?"

"நான்தான்."

போனை வைத்துவிட்டு அவர் வாசலில் நின்ற வண்டிக்குள் போய் உட்கார்ந்தார். கதவை மூடினார், கண்ணாடியை ஏற்றினார். வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருவில் போகிறவர்கள் தெரிந்தார்கள். அவர்கள் சத்தம் கேட்கவில்லை. பிடியை இழுத்தார். கையோடு வந்தது. எண்ணெய் வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னண்ணே, வண்டிக்குக் காவலா?" என்றது வாயசைப்பில் தெரிந்தது. அவர் தலையாட்டினார். தாங்க முடியாமல் போனபிறகு கண்ணாடியை இறக்கினார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, திரும்ப ஏறி உட்கார்ந்து, திரும்பக் கண்ணாடியை ஏற்றினார்.

வீட்டு ஜன்னல் வழியாக மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. அவர் வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டுக் கிளப்பினார். மனைவி லீவு சொல்லிவிட்டு வந்தாள். செம்மண் சரிவின் அடியில் அவளை இறங்கச் சொல்லவில்லை. மேலே மருமகன் பையையும் தலையணையையும் வைத்து, கதவை மூடிவிட்டு டவருக்குப் போனான். மகள் பின்சீட்டில் அம்மா மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். சரிவில் இறங்கும்போது வண்டி இரண்டு இடத்தில் வழுக்கியது. இரண்டு இடத்திலும் அவர் கை பிடியை இழுத்தது. மகள், "அங்க என்னப்பா சத்தம்?" என்று கேட்டாள். கதவு லூசு என்று அம்மா சொன்னாள். ராக்கெட் சரிவின் அடியிலேயே வண்டியை ஒதுக்கி வழிவிட்டான். மதியத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். மகளுக்குக் கட்டில் கிடைத்தது. குழந்தை இன்னும் குறுக்கேதான் இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். மைத்துனன் போன் செய்து, கதவுக்கு ஆள் கூட்டிவரட்டுமா என்று கேட்டான். மகளையும் பிள்ளையையும் மேலே கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது, அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார். பிறகு வண்டியை மரத்தடியில் நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார்.